அம்மா மைதானத்துக்குள் நடந்து வந்த நாள்

வீரர்கள் உட்காரும் நீண்ட வாங்கின் ஓரத்தில் அம்மா இருந்தார். மே மாதம் முடியப்போகிறது என்றாலும் டென்மார்க்கின் ஓல்போர்க்கில் அன்று காற்று கடுமையாக வீசியது. சேலைக்கு மேல் என்னுடைய குளிரங்கியைப் போட்டு, கழுத்துவரை இழுத்து மூடியிருந்தார். இரண்டு கைகளாலும் என் கைபேசியைப் பிடித்திருந்தார்.

பக்கத்தில் எங்கள் அணிப் பையன்கள் சூரியகாந்தி விதையைக் கடித்துக் கடித்துத் தரையில் துப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். வேறொரு நாளாக இருந்திருந்தால் அவர்கள் எல்லோருக்கும் நல்ல பேச்சு விழுந்திருக்கும், அதுவும் சுத்தத் தமிழில்.

அதுவரை நான் விளையாடிய ஒரு ஆட்டத்தையும் அம்மா வந்து பார்த்ததில்லை. அன்றும் ஆட்டம் பார்க்க வரவில்லை. கைபேசிக்குக் காவலாக வந்திருந்தார்.

இந்தத் தொடரில் என் ஜெர்மன் நாட்களைப் பற்றி எழுதப்போய் மாட்டிக்கொண்டேன். தமிழனுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம், பந்து எறிகிறதற்கு உன்னை யார் சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது என்று வாசகர்கள் விடாமல் கேட்கிறார்கள். கேள்வியில் இருக்கும் நக்கல் எனக்குப் புரியாமல் இல்லை. என்றாலும் பதில் சொல்கிறேன். அந்தப் பதில் முழுவதும் இந்த ஒரு சனிக்கிழமைக்குள் இருக்கிறது.

ஒரு தரம் அடித்து நிற்கும்

இலங்கையில் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொல்லி ஒரு கிழமை ஆகியிருந்தது. என் ஒரே அக்கா சாந்தி, அத்தான், அவர்களுடைய சின்ன மகள் மூவரும் போர் நடந்த வன்னிக்குள் இருந்தார்கள். பொங்கலுக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சொல் இல்லை. இருக்கிறார்களா இல்லையா என்பதே எங்களுக்குத் தெரியாது. அப்பா காலமாகிச் சில வருடங்கள். டென்மார்க்கில் நாங்கள் இருந்த ஹொல்ஸ்டெப்ரோ நகரத்து வீட்டில் நானும் அம்மாவும்தான்.

வீடு மாறியபோது எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கமும் மாறிவிட்டது. அக்காவுக்குப் பாடமாகத் தெரிந்தது என் கைபேசி இலக்கம் ஒன்றுதான்.

அந்த நாட்களில் வன்னியிலிருந்து தப்பி அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள் யாராவது ஒருவருடைய கைபேசியைக் கெஞ்சி வாங்கி, வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்துக்கு ஒரு தரம் அடித்துவிட்டு நிறுத்துவார்கள். உடனே இங்கிருந்து நாங்கள் திருப்பி எடுக்கவேண்டும். பிந்தினால் அந்தக் கைபேசி வேறு கைக்குப் போய்விடும். பிறகு யாரைத் தேடுவது, எங்கே தேடுவது?

அதனால் என் கைபேசி எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. சாப்பாட்டு மேசையில் அது ஒரு ஆளைப்போல நடுவில் இருந்தது. நான் வேலை செய்த பண்டகசாலையில் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். எங்கள் மேலாளர் மட்டும் என் சட்டைப்பையைக் கண்டும் காணாததுபோல் நடந்துகொண்டார். அந்த மனுசனை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

அம்மாவுக்குத் திருப்பி எடுக்கத் தெரியாது. காட்டிக் கொடுத்தால் படிப்பார்தான், ஆனால் பயம். ஹொல்ஸ்டெப்ரோவில் ஒருவர் பதற்றத்தில் பொத்தானை மாறி அழுத்தி வந்த இலக்கம் அழிந்துபோன கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

இந்த நிலைமையில்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு பயிற்சியாளர் என்னைப் பார்க்க வருகிறார் என்ற செய்தி வந்தது. அவருடைய கழகத்துக்குப் பந்து எறிபவர் ஒருவர் தேவை. ஓல்போர்க்கில் நடக்கும் அந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவார். எனக்கு அப்போது இருபத்தைந்து தாண்டியிருந்தது. இந்த விளையாட்டில் அந்த வயதுக்குப் பிறகு யாரும் கதவைத் தட்டி வரமாட்டார்கள். இது போனால் வாழ்நாள் முழுக்கப் பெட்டி அடுக்குவதுதான் என்று எனக்குத் தெரியும்.

அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. அந்த வருடம் எங்கள் சனம் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தது. பிறந்தநாள் இல்லை. கோடை விளையாட்டுப் போட்டி இல்லை. நடந்த ஒரு கலியாணத்திலும் மேளம் இல்லை, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் குனிந்த தலையோடு போனார்கள்.

என் பயணம் எப்படியோ செல்வம் அண்ணையின் காதுக்கு எட்டிவிட்டது. எங்கள் தெருவிலேயே இருப்பவர், பொதுக்காரியம் எதிலும் முன்னுக்கு நிற்பவர். அவருடைய தம்பியும் வன்னிக்குள் இருந்தார். அவர் வீட்டுக்கு வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றபடியே கேட்டார்.

"சனம் செத்துக் கிடக்குது. உனக்குப் பந்து விளையாட்டுக் கேக்குதோ?"

அவர் சொன்னது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. நான் போகவில்லை என்று சொல்ல வாயெடுத்த நேரம் குசினிக்குள் இருந்து அம்மா வந்தார். நனைந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இவன் வீட்டில குந்திக்கொண்டிருந்தா அவள் வந்திடுவாளோ செல்வம்? அவன் போகட்டும். நானும் கூடப் போறன். போன் என்ர கையில இருக்கட்டும்."

செல்வம் அண்ணை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மாட்ஸின் முதுகு

இங்கே நான் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். நான் எப்படிப் பந்து எறிபவன் ஆனேன் என்பதைச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் படித்த மாட்ஸ் என்பவன்தான் என்னை முதன்முதலில் பேஸ்பால் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். டென்மார்க்கில் அந்த விளையாட்டை விளையாடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். புதிதாக யார் வந்தாலும் வரவேற்பு பலமாக இருக்கும். விதிகளை விளக்கட்டுமா என்று பயிற்சியாளர் ஹென்ரிக் கேட்டார். வேண்டாம், எங்கள் நாட்டிலும் இது இருக்கிறது என்று பெரிய மனுசத்தனமாகச் சொன்னேன்.

நான் சொன்னது எல்லேயை. இலங்கையில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் தெரியும். தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரவேண்டும். பேஸ்பாலும் அதேதான் என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட்டேன். ஆனால் எல்லேயில் ஒரு சங்கதி உண்டு. ஓடுகிறவனின் உடம்பில் பந்தால் எறிந்து பட்டால் அவன் ஆட்டமிழந்தான்.

அக்கா எல்லேயில் கெட்டிக்காரி. பழகுவதற்கு அவளுக்கு ஓடுகிற ஆள் ஒன்று தேவைப்பட்டது, அது நான். எத்தனையோ பின்நேரங்கள் அவளுடைய எறியை முதுகில் வாங்கியிருக்கிறேன். வாங்கி வாங்கி, ஒருநாள் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற வெறியில் தனியாக நின்று மரத்துக்கு எறிந்து பழகினேன். என் தோளில் இருந்த பலம் அந்த வெறியில் வந்தது.

கழகத்தில் முதல்நாள் பந்து என் பக்கம் உருண்டு வந்தது. மாட்ஸ் தூரத்தில் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தான். அவனுடைய முதுகைக் குறிபார்த்து விட்டேன் ஒன்று. பேஸ்பால் பந்து கல்லுமாதிரி இருக்கும் என்பதை அவன் விழுந்த பிறகுதான் யோசித்தேன். விழுந்தவனைப் பார்த்து நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளினேன். ஒருவரும் கைதட்டவில்லை. வெற்றியைக் கொண்டாடிக்கொண்டு நடுவில் நான் ஒருவன் மட்டும் நின்றேன்.

ஹென்ரிக் முதலில் மாட்ஸுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு நான் நின்ற இடத்தையும் அவன் விழுந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஓடுகிற ஆளுக்கு இவ்வளவு தூரத்திலிருந்து எப்படி எறிந்தாய், இன்னொரு தரம் செய்வாயா என்று கேட்டார். மாட்ஸ் நிலத்தில் கிடந்தபடியே வேண்டாம் என்றான்.

அன்றைக்கே என்னை நடுவில் இருக்கும் மண்மேட்டில் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து எறிபவனைத்தான் பிட்சர் என்பது. எதிரே குந்தியிருந்து என் பந்துகளைப் பிடிக்கும் வேலையை மாட்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டான். முதுகைக் காட்டுவதைவிட முகத்தைக் காட்டிக்கொண்டு இருப்பது பாதுகாப்பு என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

நடுவரின் தூரிகை

ஓல்போர்க்குக்குத் திரும்புகிறேன்.

அன்று என் கை நன்றாகத்தான் வேலை செய்தது. கம்பிவேலிக்கு அப்பால் அந்த ஜெர்மன்காரர் தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டு நின்றார். ஒவ்வொரு பந்துக்கும் முதலில் நான் அவரைப் பார்க்கவில்லை, வாங்கின் ஓரத்தைப் பார்த்தேன். அம்மா அசையவில்லை. அப்படியானால் அடிக்கவில்லை. பிறகு எறிவேன்.

கடைசிக் கட்டம் வந்தது. நாங்கள் முன்னணியில் இருந்தோம். இன்னும் ஒருவனை ஆட்டமிழக்கச் செய்தால் வெற்றி எங்களுக்கு. ஆனால் என் அவசரத்தால் எதிரணிக்காரர் ஓடும் வழியில் இருக்கும் மூன்று தளங்களிலும் ஆள் நிறைத்து ஓடத் தயாராக நின்றார்கள். அடிக்க வந்தவன் நல்ல உயரம், தோள் கதவகலம். பந்தைப் பிடித்துக் குனிந்தேன். எதிரே குந்தியிருந்த மாட்ஸ் திடீரென்று எழும்பி எனக்குப் பக்கவாட்டில் பார்த்தான்.

அம்மா புல்லின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தார்.

ஒரு கையால் சேலையின் முன்மடிப்புக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். மற்றக் கையில் கைபேசி. விளிம்புவரை எண்ணெய் விட்ட விளக்கைக் கொண்டுவருகிறமாதிரி, ஆட்டாமல் அசைக்காமல் கொண்டுவந்தார். ஓடவில்லை. ஓடினால் விழுந்துவிடும் என்று பயம். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள், அவர் ஒருவரையும் பார்க்கவில்லை.

நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். மண்மேட்டுக்கு வர அனுமதி பயிற்சியாளருக்குத்தான், வேறு யாருக்கும் கிடையாது. அவர் அதைச் சொல்ல வாயெடுக்கவும் ஹென்ரிக் பாய்ந்து ஓடி அவர் காதில் ஏதோ சொன்னார். அழைத்தது அந்த அம்மாவின் மகளாக இருக்கலாம் என்று மட்டும்தான் தான் சொன்னதாக ஹென்ரிக் பிறகு எனக்குச் சொன்னார்.

நடுவர் இடுப்பிலிருந்த சின்னத் தூரிகையை எடுத்தார். அடிக்கிறவன் நிற்கும் இடத்தில் நிலத்தோடு பதித்த ஒரு வெள்ளைப் பலகை இருக்கும், மண் படிந்தால் அதை நடுவர்தான் துடைக்கவேண்டும். குனிந்து அதைத் துடைக்கத் தொடங்கினார். பலகை சுத்தமாகவே இருந்தது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, ஒருக்கா அடிச்சு நிண்டிட்டுது," என்றார் அம்மா. "நான் ஒண்டையும் அமத்தேல்லை."

கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து நிலத்தில் போட்டேன். தெரியாத இலக்கம், இலங்கையின் இலக்கம். அழுத்தினேன். முதல்தரம் போகவில்லை. இரண்டாவது தரம் மணி அடித்தது. யாரோ ஒரு ஆண்குரல் எடுத்து, பொறுங்கோ, பக்கத்தில்தான் நிக்கினம் என்றது. பிறகு காற்றும் இரைச்சலும் நிறையச் சனத்தின் சத்தமும் கேட்டன.

"தம்பி?"

கைபேசியைக் காதோடு அழுத்தினேன்.

"தம்பி, நான் சாந்தி. மூண்டு பேரும் இருக்கிறம்."

அக்கா அதைத்தான் முதலில் சொன்னாள். எங்களுக்கு எது தேவையென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முகாமின் பெயரைச் சொன்னாள். அத்தானுக்குக் காலில் காயம், ஆறுகிறது என்றாள். பிள்ளைக்குப் பால்மா வேண்டும், பின்னுக்கு ஆட்கள் நிற்கிறார்கள், அம்மாவிடம் கொடு என்றாள். நான் கொடுத்தேன்.

அம்மா அழவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. அக்கா என்ன சொன்னாளோ தெரியாது, அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம் பிள்ளை, ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். தொடர்பு அறுந்த பிறகும் இரண்டு தரம் ஓம் என்றார்.

பிறகுதான் அவர் தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தார். எங்கள் ஆட்களும் எதிரணிக்காரரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அந்த உயரமானவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. எனது குளிரங்கியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நடுவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த கொஞ்ச டேனிஷ் சொற்களில் ஒன்றான "உன்ஸ்குல்" என்பதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நடுவர் அப்போதுதான் நிமிர்ந்தார். பரவாயில்லை, பலகை நிறைய ஊத்தையாக இருந்தது என்றார்.

அம்மா வந்த வழியே நடந்துபோய் வாங்கின் ஓரத்தில் இருந்தார். மாட்ஸ் என்னிடம் வந்து கையுறையை எடுத்து மண்ணைத் தட்டித் தந்தான். உன்னால் முடியுமா என்று கேட்டான். முடியும் என்றேன். முகம் முழுக்க நனைந்திருந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன்.

பந்தை எறிந்தேன். நடுவில், நெஞ்சளவு உயரத்தில், தட்டில் வைத்துக் கொடுத்தமாதிரி போயிற்று. அந்த உயரமானவன் அதை அடித்தான். மரத்தைப் பிளக்கிற சத்தம் கேட்டது. பந்து எல்லோருடைய தலைக்கு மேலாலும் போய், வேலிக்கு மேலாலும் போய், பின்னால் நின்ற மரங்களுக்குள் விழுந்தது. தளங்களில் நின்ற மூவரும் அடித்தவனும் வீடு என்று சொல்கிற அந்த வெள்ளைப் பலகைக்கு ஓடிவந்து சேர்ந்தார்கள். ஒரே அடியில் நாலு ஓட்டம், ஆட்டம் எங்கள் கையை விட்டுப் போயிற்று.

நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை. பந்து போன திசையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். தோற்றுப்போன பிட்சர் ஒருவன் மண்மேட்டில் நின்று வயிறு நோகச் சிரிப்பதை அந்த மைதானம் அதற்கு முன்னும் பின்னும் கண்டிருக்காது. தொழில் போயிற்று, ஜெர்மனி போயிற்று, எல்லாம் போகட்டும் என்று இருந்தது. அக்கா இருக்கிறாள். அன்றைக்கு எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்த இலக்கம்

ஜெர்மன்காரர் வேலிக்கு அப்பால் எனக்காகக் காத்திருந்தார். பந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா யார், ஏன் வந்தார் என்று கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றினார், பிறகு போட்டுக்கொண்டார். வேகமாக எறிகிறவர்கள் தன்னிடம் இருக்கிறார்கள், ஒரு பெரிய அடி விழுந்தால் அடுத்த நாலு ஆட்டத்துக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள், சிரிக்கிற ஒருவனைத் தான் இன்னும் கண்டதில்லை என்றார். அடுத்த மாதமே வரமுடியுமா என்று கேட்டார்.

இன்றைய சிரிப்பு தினமும் வராது என்று நான் உண்மையைச் சொன்னேன். பரவாயில்லை, அடி விழுவதும் தினமும் நடக்காது என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் அக்கா எடுத்த இலக்கம் ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் சனம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதலில் வந்தவர் செல்வம் அண்ணை. சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தார். இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அக்கா எடுத்த அந்தக் கைபேசிக்குச் சொந்தக்காரர் நல்ல மனுசன். முகம் தெரியாத எத்தனையோ பேருக்காக முகாமுக்குள் பெயர் சொல்லித் தேடித் திரிந்தார். சில நாட்களின் பின் செல்வம் அண்ணையின் தம்பி இன்னொரு முகாமில் இருக்கிறார் என்று செய்தி வந்தது.

எல்லா வீட்டுக்கும் அப்படி வரவில்லை. வராத வீடுகளும் எங்கள் தெருவில் இருந்தன. அதனால் நாங்கள் சத்தமாகச் சந்தோஷப்படவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுக்குள் மெல்லமாகச் சந்தோஷப்பட்டோம்.

ஆனி மாதம் நான் ஜெர்மனிக்குப் போனேன். என்னை ரயில் ஏற்றிவிட்டவர் செல்வம் அண்ணைதான். என் பெட்டியைத் தானே தூக்கி வைத்தார். கவனமாக எறி என்றார்.

ஓல்போர்க்கிலிருந்து அன்று நாங்கள் காரில் வீடு திரும்பியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ரோட்டின் இரண்டு பக்கமும் கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. அம்மா பக்கத்து இருக்கையில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்சத் தூரம் கண்ணை மூடியிருந்தார். நித்திரை என்றுதான் நினைத்தேன்.

"தம்பி," என்றார். "அந்தக் கடைசிப் பந்து அவ்வளவு தூரம் போச்சே. அது எங்கட ஆக்களுக்கு நல்லதோ, அவைக்கு நல்லதோ?"

"அவைக்கு அம்மா. நாங்கள் தோத்திட்டம்."

அம்மா அதை யோசித்துப் பார்த்தார்.

"சரி, விடு. இண்டைக்கு அவையும் சந்தோஷமா வீட்ட போகட்டும்."